அடுப்பங்கரையில் நீங்கள் கட்டிய சுவர்

கீழக்கரை,
வியாழக்கிழமை.

அன்புள்ள வாப்பாவுக்கு இர்பானின் ஸலாம். நீங்கள் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே எல்லாரும் சுகம், அடுப்பங்கரை தவிர.

போனில் பேசினால் உம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் விடுவீர்கள். உங்களோடு வேலை பார்க்கும் சஃபீர் லீவு முடிந்து வளைகுடாவுக்கு, உங்கள் கேம்ப்புக்கே திரும்புகிறான். நீங்கள் படித்து முடிக்கும்வரை நகராதே என்று சொல்லி இதைக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மகள் சூஃபியா நிக்காஹுக்கு இன்னும் இரண்டு மாதம். நம் ஊர் வழக்கப்படி வீடு அவளுக்கு, மாப்பிள்ளை இங்கே வந்து இருக்கப் போகிறவர். "இந்தக் கரி பிடிச்ச அடுப்பங்கரையில நின்னு மருமகனுக்கு என்னத்த ஆக்குறது" என்று உம்மா சொல்லித்தானே நீங்கள் இடிக்கச் சம்மதித்தீர்கள். திங்கட்கிழமை வீரமணி கொத்தனார் இரண்டு ஆட்களோடு வந்தார். பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு நான் சும்மா கிடப்பதால் மேற்பார்வை என் தலையில். முதல் நாள் மேடையை உடைத்தோம். கடப்பாக்கல் ஒன்றுகூட முழுசாக வரவில்லை. மறுநாள் புகைக்கூண்டு. அடுப்பு முற்றத்தில் இருக்கிறது. மூன்று நாளாகச் சோற்றில் மண் கடிபடுகிறது.

கிழக்குச் சுவரில் கை வைக்காதே என்றீர்கள். வைக்கவில்லை. அதில் அடித்திருந்த மர ஷெல்ஃபை மட்டும்தான் நேற்றுக் கழற்றச் சொன்னேன். கடப்பாரையால் நெம்பியதும் ஷெல்ஃபோடு சுவரும் வந்துவிட்டது, சரியாகக் கதவு அகலத்துக்கு. பழைய சுவரோடு ஒரு செங்கல்லைக்கூட நீங்கள் கோத்துக் கட்டவில்லையாம். "இது கொத்தனார் கட்டுனது இல்ல தம்பி, கோவத்துல கட்டுனது" என்றார் வீரமணி. கட்டியது யார் என்று நான் சொல்லவில்லை.

தூசி அடங்கியதும் அந்தப் பக்கம் தன் அடுப்பங்கரையில் பெரியும்மா கரண்டியோடு நிற்பது தெரிந்தது. தெருவில் இறங்காமல் உம்மாவும் அவரும் போய் வந்த வழி அது. நீங்கள் அடைத்து ஏழு வருஷம். ஏழு வருஷம் கழித்துப் பெரியும்மா பேசிய முதல் பேச்சு, "ஏலே, இப்பத்தான்டா மீன் ஆணத்த இறக்குனேன், பூரா மண்ணு!" என்பதுதான். உம்மா சும்மா இருப்பாரா? "மூடி வச்சா கை தேஞ்சா போகும்? அப்பவும் இவ இப்படித்தான்" என்றார். பிறகு ஒரு மணி நேரம் அக்காவும் தங்கச்சியும் குழம்புச் சட்டி, புளி, உப்பு என்று சண்டை போட்டார்கள். என் தம்பியைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

சாயந்தரம் ஹசன் அலி பெரியவாப்பா வந்தார். வழி திறந்திருந்தும் தாண்டவில்லை, அந்தப் பக்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தம்பி மௌத்தான அன்று, நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள் என்று தெரிந்தும் அஸர் தொழுகை முடிந்ததுமே அடக்கச் சொன்னவர் அவர்தான். நீங்கள் வந்து சேர்ந்தபோது மண் மூடி நான்கு மணி நேரம். "உன் வாப்பா வரட்டும்னு வச்சிருக்கணும்லே. அவசரப்பட்டுட்டேன். பெத்தவன முகம் பாக்க விடல" என்று என்னிடம் சொன்னார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவருக்கு அரை டம்ளர்கூட இறங்கவில்லை. தொண்டையில் கட்டியாம். மதுரையில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். உம்மாவுக்கு முன்பே தெரியும். உங்களிடம் சொல்லப் பயம்.

அடைக்கவா, கதவு நிலை வைக்கவா என்று வீரமணி கேட்கிறார். "அவுக சொல்லட்டும்" என்கிறார் உம்மா. சொல்லிவிட்டு அந்த வழியாகவே போய்ப் பெரியவாப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருகிறார். நான் அடைக்க மாட்டேன், நீங்கள் திட்டினாலும் சரி. அடைக்கத்தான் வேண்டும் என்றால் நீங்களே வந்து அடையுங்கள்.

நிக்காஹுக்கு வந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இப்போதே லீவு கேளுங்கள். உங்களை வரச் சொல்லிப் பெரியவாப்பா சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

அல்லாஹ் உங்களை நேரத்தோடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மகன்,
இர்பான்.