மூணாவது போட்டோ

ஆடி 20, செவ்வாய்

போட்டோவுக்கு எடை இருக்குதாமா. நாம எடுத்தது எடை அதிகம்னு கம்ப்யூட்டர் திருப்பி உட்டுருச்சு. காயிதத்துலயே இல்லாத போட்டோ, எந்தத் தராசுல வெச்சுப் பாத்தாங்க?

மருமவ சுகன்யா சர்க்கார் பரீட்சைக்கு எழுதிப் போடறா. பகல்ல கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கற வேலை. சாயங்காலம் வந்தா பொஸ்தகம். மகன் இளவழகன் போர்வெல் வண்டியோட சத்தீஸ்கர்ல கெடக்கறான். அதனால புதுச்சத்திரம் கம்ப்யூட்டர் சென்டருக்குத் துணைக்கு நான் போறேன். எழுதிப் போடற கெடு ஆவணி ரெண்டாந்தேதியோட முடியுதாமா. அடுத்த வருசம் போடலாம்ல சாமின்னு கேட்டேன். "அடுத்த வருசம் வயசு தாண்டிருமுங்க மாமா. இதான் கடைசி"ன்னா.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன்ல மைக்குப் படத்தைத் தொட்டுட்டுப் பேசுனா அதுவே எழுதிக்கும்னு அவதான் காட்டிக் குடுத்தா. என்ன எழுதிக்குதோ, யாருகிட்டயும் காட்டறதில்ல.

ஆடி 22, வியாழன்

எடையைக் குறைச்சாச்சு. இப்பச் செவுரு ஆவாதாமா. ஊட்டுச் செவுத்துல சாத்தி போன்ல எடுத்தது, செவுரு நீலம். பின்னால வெள்ளையா இருக்கோணும், ரெண்டு காதும் தெரியோணும், சிரிக்கக் கூடாது. சென்டர்ல இருக்கற புள்ள இலக்கியா அடுக்கிக்கிட்டே போறா. "தாத்தா, ஸ்டுடியோவுல எடுத்துட்டு வந்துருங்க, நீங்களும் அலைய வேண்டாம், நானும் கத்த வேண்டாம்"கறா.

ஓட்டுக் கார்டுக்கு என்னைய எடுத்தாங்க. பள்ளிக்கூட வராண்டாவுல வரிசை. எனக்கு முன்னால பச்சைத் துண்டு போட்ட மல்லசமுத்திரத்து ஆளு. பளிச்சுன்னதும் கண்ணை மூடிட்டேன். மூடுன கண்ணோடவே இத்தனை வருசம் ஓட்டுப் போட்டுட்டு வாரேன். ஒருத்தரும் கேக்கல. இப்ப மட்டும் ஏன் இத்தனை கேள்வி?

ஆடி 26, திங்கள்

சுகன்யா பண்ணையில அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தா. ஸ்டுடியோக்காரர் முருகானந்தம் வெள்ளைத் துணிக்கு முன்னால உக்கார வெச்சாரு. "தலையைத் தூக்குங்க. அவ்வளவு தூக்காதீங்க, அண்ணாந்து பாக்கற கோழியாட்ட இருக்குது." அவளே சிரிச்சுட்டா. சிரிக்கக் கூடாதுன்னு மறுபடி எடுத்தாரு.

அவ பண்ணைக்கு நேரமாச்சுன்னு பஸ் பாக்க வெளிய போனா. முருகானந்தம் கம்ப்யூட்டரை எம்பக்கம் திருப்புனாரு. மொறம் அகலத்துக்கு அவ மூஞ்சி. இடது புருவத்துக்கு மேல இருக்கற தழும்பு, நேர்ல பாத்தா அத்தனை தெரியாது. அங்க தடியாத் தெரிஞ்சுது.

"பெரியவரே, இதை எடுத்துரட்டுங்களா? பொண்ணு பாக்க அனுப்பற போட்டோவுக்கெல்லாம் எடுத்துத்தான் குடுக்கறோம்."

எடுத்துருங்கன்னேன். ரெண்டு தட்டுத் தட்டுனாரு. இல்ல. ஏழு வருசமா இருந்தது ரெண்டு தட்டுல இல்ல.

அவகிட்டச் சொல்லல. நல்லதுதானே செஞ்சேன்?

ஆடி 27, செவ்வாய்

ராகிக்களி ஆக்கியிருந்தா. தட்டைப் பாத்துக்கிட்டே தின்னேன்.

ஆடி 31, சனி

எடை சரி. துணி சரி. காது சரி. இலக்கியா அனுப்பப் போறவ, கையை எடுத்துட்டா. போட்டோவைப் பாக்கறா, சுகன்யாவைப் பாக்கறா.

"ஏனுங்கக்கா, உங்க நெத்தியில தழும்பு இருக்குதுல்ல. இதுல காணோமே?"

திருத்துன போட்டோ ஆவாதாமா. பரீட்சை எழுதற எடத்துல போட்டோவையும் மூஞ்சியையும் வெச்சுப் பாப்பாங்களாமா. அங்க இருக்கறது இங்க இல்லீன்னா வேற ஆளு எழுத வந்துட்டாங்கன்னு வெளிய அனுப்பிருவாங்களாமா.

சுகன்யா குனிஞ்சு பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. "யாரு எடுக்கச் சொன்னது?"

"நாந்தான் சாமி. பாக்க நல்லா இருக்குமேன்னு."

"யாருக்குங்க மாமா?"

அவ்வளவுதான் கேட்டா. பஸ்சுல முன்னால சீட்டுல உக்காந்துட்டா, நான் பின்னால. ஊடு வர்ற வரைக்கும் திரும்பல. இன்னும் ரெண்டு நாளுதான் இருக்குது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஸ்டுடியோ தெறக்காது. கெடுத்துட்டனே.

யாருக்கு? யாருக்குன்னா என்ன சொல்றது. ரோட்டுல போறவனுக்கா? ஆப்பீசருக்கா?

எனக்கு எதுவும் மறக்காது, அதான் வம்பு. தை மாசம், பொங்கல் கழிஞ்ச அஞ்சாம் நாள். சோத்துல கல்லுன்னு இளவழகன் தண்ணிச் சொம்பைத் தூக்கி வீசுனான். மூணு தையல். தையல் போட்ட டாக்டரு கண்ணாடியை நெத்தி மேல ஏத்தி உட்டுட்டு, "எப்படி ஆச்சு?"ன்னு அவளைத்தான் கேட்டாரு. பதில் நாஞ் சொன்னேன். படியில உழுந்துட்டாங்க. நம்ம ஊட்டுல ஏதுய்யா படி? தரையோட தரை. பையன் மேல கேசு வந்துருமேன்னு சொல்லிட்டேன். அவ கட்டில்ல கெடந்துக்கிட்டு எம்மூஞ்சியப் பாத்தா.

தழும்பு அவளுக்கு நல்லா இல்லீன்னு எடுக்கச் சொன்னனா, நான் பாக்க முடியாம எடுக்கச் சொன்னனா? வெளங்கல. ஒண்ணும் வெளங்கல.

ஆவணி 1, ஞாயிறு

விடிஞ்சதும் முருகானந்தம் ஊட்டு வாசல்ல போயி நின்னேன். பல்லு வெளக்கிட்டு இருந்தாரு.

"எடுத்ததைத் திரும்ப வெச்சுக் குடுங்க"ன்னேன்.

"பெரியவரே, எடுத்த தழும்பை டப்பாவுல போட்டு வெக்கறதில்லீங்க. அழிச்ச போட்டோவைத்தான் சேத்து வெப்பேன், பழசு இருக்காது. புள்ளையைக் கூட்டிட்டு வாங்க, புதுசா எடுத்தர்லாம்."

ஞாயித்துக்கிழமையும் தெறந்தாரு, நல்ல மனுசன். கூப்பிட்டதும் வந்தா. துணி முன்னால உக்காந்து, நெத்தியில உழுந்த முடியைத் தண்ணி தொட்டுப் பின்னால தள்ளி ஊசி குத்திக்கிட்டா. ஒண்ணும் தட்டாம அப்படியே குடுங்கன்னு அவளே சொன்னா.

ஆவணி 2, திங்கள்

போயிருச்சு. கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு.

புரட்டாசி 11, சனி

அவ படிக்கட்டும்னு அடுப்பை நான் பாக்கறேன். இன்னிக்கும் சோறு குழைஞ்சு போச்சு. "கஞ்சின்னு நெனைச்சுக் குடிச்சுக்கறனுங்க மாமா"ன்னா. பேசறா.

ஐப்பசி 9, ஞாயிறு

பரீட்சைச் சீட்டு வந்துருச்சு. இலக்கியா காயிதத்துல எடுத்துக் குடுத்தா. போட்டோ அதுல இருக்குது.

தீவாளிக்கு வந்த இளவழகன் இன்னும் போகல. சீட்டை வாங்கிப் பாத்தான். "ஏம்ப்பா, இது இப்படித் தெரியற மாதிரியா எடுக்கறது? அந்தாளுக்கு மறைச்சு எடுக்கத் தெரியாதா? நாலு பேரு என்னன்னு கேட்டா என்ன சொல்லுவா?"

சுகன்யா வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தா. கத்தி நின்னுருச்சு.

எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல. "எம்புருசன் சொம்பைத் தூக்கி வீசுனான்னு சொல்லட்டும். டாக்டரு கேட்டப்ப நானே சொல்லியிருக்கோணும், சொல்லல. என் தப்பு அது"ன்னேன்.

அவன் என்னைய மொறைச்சான். அப்பறம் சீட்டைக் கட்டில் மேல வெச்சுட்டு வெளிய போயிட்டான். அவ கையைத் துடைச்சுட்டு வந்து அதை எடுத்து பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டுக்கிட்டா.

ஐப்பசி 16, ஞாயிறு

நாமக்கல்லு. பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல மரத்தடியில உக்காந்து பேசறேன். இளவழகனும் வந்தான். வான்னு யாரும் கூப்பிடல, பஸ் நிக்கற எடத்துல வந்து நின்னான்.

கேட்டுல ஒரு மேடம் சீட்டுல இருக்கற போட்டோவைப் பாத்தாங்க, அவளை நிமிந்து பாத்தாங்க. நெத்தியையே கொஞ்ச நேரம் பாத்தாங்க.

"அடிபட்டதாம்மா?"

"ஆமாங்க மேடம். ஊட்டுக்காரரு வீசுனது."

மெல்லமும் சொல்லல, சத்தமாவும் சொல்லல. பேரு கேட்டா பேரு சொல்ற மாதிரி சொன்னா. இளவழகன் எம்பக்கத்துலதான் நின்னான், கேட்டுச்சு அவனுக்கு. மேடம் அவனைப் பாக்கல. சீட்டைத் திருப்பிக் குடுத்து, "மூணாவது ரூமு, போம்மா"ன்னாங்க.

திரும்பிப் பாக்காம உள்ள போயிட்டா.

பன்னெண்டரைக்குத்தான் முடியுமாமா. அவன் கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு அங்கயே நிக்கறான். வெயில் ஏறிருச்சு, இங்க நெழலுக்கு வாடான்னு கூப்பிட்டேன். வரல.