கவிழ்த்து வைத்த இரண்டு ஒன்பது

மச்சான், இதை எப்படித் தொடங்குவது என்று கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஐந்து மாதம் பொறுத்தேன். அது ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் ஆறாமலேயே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் வழக்கமான போக்கர் போட்டி. அதே புடவைக்கடை மாடி, பச்சைத் துணி விரித்த அதே மூன்று மேசைகள். எனக்கு இரண்டாம் மேசை விழுந்தது. முதல் சீட்டுத்தாள் போடுவதற்குள் பக்கத்துக் கதிரைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்து இரண்டு நெற்றிப்பொட்டிலும் தைலம் பூசினார். நீ பூசுகிற அதே தைலம், அதே நெடி. “ஐயா, இதென்ன காட்ஸ் மேசையோ, ஆசுப்பத்திரியோ?” என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று மேசையும் திரும்பிப் பார்த்தது. அந்த மனிசன் பாவம், லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டு “சொறி, மன்னிக்கவேணும்” என்றார். அவரில் எனக்கு என்ன கோபம்? முன்பின் பார்த்ததுகூட இல்லை. நான் கத்தியது உன்னைப் பார்த்து.

உன்னை நான் முதலில் கண்டதே ஒரு செத்த வீட்டில்தான். கொட்டாஞ்சேனையில் என் அலுவலக நண்பர் ஒருவரின் தகப்பன் தவறியிருந்தார். ஒழுங்கைக்குள் கூடாரம் அடித்து, பிளாஸ்டிக் கதிரை போட்டு, ஆண்கள் வழக்கம்போல முன்னூற்றுநாலு சீட்டு ஆட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் தெரியாமல் ஓரமாக நின்றேன். “ஒரு கை குறையுது, வாங்க சேர்” என்று கூப்பிட்டு, உன் எதிரே இருந்த கதிரையைக் காலால் தள்ளிவிட்டாய். அந்த ஆட்டத்தில் எதிரே இருப்பவன்தான் கூட்டாளி. இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள்தான் எதிரிகள். பிரேதம் எடுக்கிறவரைக்கும் நாம் இருவரும் ஒருதரம்கூடத் தோற்கவில்லை. அன்று பின்னேரமே ‘சேர்’ போய் ‘மச்சான்’ வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இருபது வருடம். கொழும்பில் எந்தச் செத்த வீடு, எந்தக் கலியாண வீடு என்றாலும் உன் எதிர்க்கதிரை எனக்குத்தான். கையில் ஒன்றுமில்லாவிட்டால் நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன் என்ற விஷயம், நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். “நீ கண்ணாடிய கழட்டினா போதும்டா, மிச்சத்த நான் பாத்துக்குவேன்” என்பாய். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய்.

போக்கருக்கு உன்னைக் கூட்டிப்போனது நான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். காப்புறுதி அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிற ஒருவர் சொல்லி நான் முதலில் போனேன், அடுத்த கிழமை உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். கையில் இரண்டு தாள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து தாள். காசுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரே அளவு சிப். முடிந்தால் எழும்பிப் போகவேண்டியதுதான். கடைசியாக மிஞ்சுகிறவனுக்கு ஒரு கப். அதில் கூட்டாளி என்று எவனும் கிடையாது. எதிரே இருப்பவன், பக்கத்தில் இருப்பவன், எல்லோரும் எதிரிதான். இந்த ஒன்றைத்தான் உன் மண்டையில் ஏற்ற முடியவில்லை.

நாம் ஒரே மேசையில் விழுந்தால் நீ எனக்கு மட்டும் அடிக்கமாட்டாய். நல்ல கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பாய். மூன்றாவது கிழமையே கண்டுபிடித்து உன்னைப் படியில் மறித்தேன்.

“டேய், இது களவு. மற்றவனெல்லாம் ஏமாளியே?”

“எதிர்ல நீ உக்காந்தா எனக்கு கை வரமாட்டேங்குதுடா.”

“வராட்டி வீட்டில இரு. வாறதெண்டால் எனக்கும் அடிக்கவேணும்.”

“சரி, அடிக்கிறேன். அம்மன் மேல சத்தியம்டா, போதுமா?”

அதற்குப் பிறகு அடித்தாய். இரண்டு தரம் என்னை வெளியே அனுப்பினாய். ஒருதரம் நான் உன்னோடு கதைக்காமல் பம்பலப்பிட்டி வரைக்கும் நடந்தேன், நீ பின்னாலேயே கடலை வாங்கிக்கொண்டு வந்தாய். அந்தத் தோல்விகள் எனக்கு நோகவில்லை மச்சான். உண்மையாகச் சொல்கிறேன், அன்றைக்கு வந்த கோபம்கூட ஒரு சந்தோஷமான கோபம்.

பிறகு அந்த பஸ் பயணம். என்னிடம் வேலை பழகிய பெடியனையே எனக்கு மேலதிகாரியாகப் போட்ட கிழமை. மழை, கண்ணாடியெல்லாம் மூடி, பஸ்ஸுக்குள் ஒரே புழுக்கம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஐம்பத்திரண்டு வயசாகுது மச்சான், ஒண்டிலயாவது நான் முதலாவதா வந்திருக்கிறனா சொல்லு?” என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். உயர்தரப் பரீட்சை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் மயிரிழையில் மருத்துவம் தவறியது, கனடா விசா மூன்று முறை மறுத்தது, கடைசியாக இந்தப் பெடியன். நீ தைல டப்பியைத் திறந்து பூசிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அதை உன்னிடம் சொன்னது ஒரு சிநேகிதனிடம் சொல்கிற மாதிரி. உன் காலில் விழுந்து மனுக் கொடுக்கவில்லையடா நான்.

அதற்கு இரண்டு கிழமை கழித்துத்தான் கடைசி மேசையில் நீயும் நானும் மட்டும் மிஞ்சினோம். மற்றவர்கள் எல்லோரும் தோற்றுப்போய்ச் சுற்றி நின்று பார்த்தார்கள். தாள் போட்டது நுகேகொடையிலிருந்து வருகிற சிங்களப் பெடியன் சுனில். நடுவில் இரண்டு ராசா, ஒரு ஒன்பது, இரண்டு சில்லறைத் தாள். சுற்றுக்குச் சுற்று ஏற்றி ஏற்றி உன் சிப்பில் முக்கால்வாசி நடுவுக்கு வந்துவிட்டது. என் கையில் ஒரு ராணி, ஒரு ஏழு. வெறும் குப்பை. ஆனாலும் என்ன பிடித்ததோ, இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். தள்ளிவிட்டு உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய், கனநேரம் பார்த்தாய். பிறகு உன் இரண்டு தாளையும் கவிழ்த்தபடியே சுனில் பக்கம் தள்ளிவிட்டு, நடுவில் கிடந்த சிப்பைக் காட்டி என்னிடம் “உனக்குத்தான், எடுத்துக்க” என்றாய்.

அடுத்த ஆட்டத்தில், உனக்கு விழுந்த தாளைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் மிச்சச் சிப்பையும் தள்ளித் தோற்றுப்போனாய். கை தட்டினார்கள். என் கையில் கப்பைத் தந்தார்கள். எடுத்த படத்தில் நீ என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு என்னைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய்.

இனித்தான் எனக்குப் பற்றி எரிகிற இடம். அன்றிலிருந்து ஆறு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் உனக்குப் பாடம் எடுத்தேன். “உனக்குப் பயம் மச்சான், அதுதான் உன்ர பிழை. என்ர கையில ராசா இருக்குதெண்டு நம்பி விட்டிட்டாய். முகத்தைப் பாத்து வாசிக்கப் பழகவேணும்.” நான், உனக்கு, முகம் வாசிக்கச் சொல்லித்தந்தேன்! தாளைப் பார்க்காமல் தள்ளியதற்கு வேறு தனியாக ஒரு பிரசங்கம்: தோற்றவுடன் மூளை குழம்பக்கூடாது, பொறுமை வேண்டும். நீ தலையாட்டினாய். “நீ சொன்னா சரிதான்டா” என்றாய். அலுவலகத்தில் கதை சொன்னேன், மனைவியின் தமையனுக்கு டொரன்டோவுக்கு அழைத்துச் சொன்னேன். கையில் ஒன்றுமில்லாமல் என் சிநேகிதனையே மடக்கினேன் என்று வெட்கமில்லாமல் சொன்னேன். இருபது வருடம் என் எதிரே இருந்தவனை ஒருதரமாவது ஏய்த்துவிட்டேன் என்பதுதான் எனக்குக் கப்பைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, நீ வேலை செய்கிற ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில், கையில் பட்டியலோடு நின்றபடியே விழுந்தாய். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது என்றார்கள். உன் செத்த வீட்டிலும் கூடாரம் அடித்துக் கதிரை போட்டார்கள். நாலு பேர் வேண்டும் என்று தேடி ஒருவன் என்னிடம் வந்து, “ஒரு கை குறையுது அண்ணே” என்றான். “குறையட்டும்!” என்று கத்திவிட்டு ஒழுங்கை முனைவரை போய் நின்றேன்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குச் சுனிலும் வந்திருந்தான். இலையை எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்து, எப்போதும்போலச் சிங்களத்தில் ‘அண்ணா’ என்று கூப்பிட்டுத் தொடங்கினான்.

“அய்யே, கோவிக்க வேணாம். எனக்கு இது மனசில வச்சிக்க ஏலாது. அன்னைக்கு அவர் குடுத்த காட்... நைன் ரெண்டு.”

“என்ன நைன்?”

“அவர்ட்ட நைன் ரெண்டும் இருந்திச்சு அய்யே. நான் எடுக்கிற நேரம் கண்டது. பொறகு அவர் சொன்னது, ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் எண்டு.”

கையில் இரண்டு ஒன்பது, நடுவில் ஒன்று, கூட இரண்டு ராசா. நேற்றுப் பழகியவன்கூட அந்தக் கையைக் கவிழ்க்கமாட்டான். ஈரக்கையோடு அப்படியே நின்றேன். அப்போதுதான் நினைவு வந்தது: எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருக்கிறேன்.

கப் கிடைத்த நாளைப் பற்றி உன் மனைவியிடம் கேட்டேன். அவளுக்குத் தாளைப் பற்றி ஒன்றும் தெரியாது. “அன்னைக்கா அண்ணே? அவருதான் வின் பண்ணின மாதிரி வந்தாரு. ‘அவன் அடிச்சிட்டான், அவன் அடிச்சிட்டான்’னு ஒரே சிரிப்பு. ரெண்டு தரம் பிளேன்டீ போட வச்சாரு” என்றாள். சொல்லும்போது அவளும் சிரித்தாள், ஒரு மாதத்தில் முதல்தடவையாக என்று நினைக்கிறேன். அவளுக்கு முன்னால் உன்னைத் திட்ட முடியவில்லை. அதையும் விழுங்கிக்கொண்டு வந்தேன்.

நீ யாரடா எனக்கு வெற்றி தருவதற்கு? தருவதென்றால் அது எப்படி என் வெற்றியாகும்? அன்று நீ உன் ஒன்பதுகளைத் திருப்பிப் போட்டிருந்தால் நான் இரண்டாவதாக வந்திருப்பேன். எனக்கு அது புதிதா? இரண்டு நாள் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருந்திருப்பேன், மூன்றாம் நாள் உனக்கு அழைத்திருப்பேன். என்னால் தோல்வியைத் தாங்கமுடியாது என்று நீ முடிவெடுத்தாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை. சத்தியத்தையும் முறித்தாய். ஆறு மாதம் என்னை வாய் கிழியக் கதைக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒருநாள், ஒரே ஒருநாள், “போதும் நிப்பாட்டுடா, என்கிட்ட நைன் ரெண்டு இருந்திச்சு” என்று சொல்லியிருக்கலாமே! பஸ்ஸுக்குள்ளேயே உன் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். இப்போது நான் யாருடைய சட்டையைப் பிடிக்க?

கப்பைக் கொண்டுபோய் எறிய இரண்டு தரம் எடுத்தேன். “பைத்தியமே உங்களுக்கு?” என்று மனைவி பறித்து உள்ளே வைத்துவிட்டாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

போகாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன், யார் எதிரே இருந்தாலும் இரக்கம் பார்க்காமல் அடிக்கிறேன். அவர்கள் எனக்கு அடித்தால் எழும்பிக் கை கொடுக்கிறேன். போன ஞாயிறு தைலக்காரரிடம் இடைவேளையில் மன்னிப்புக் கேட்டேன். அவர் நல்ல மனிசன், தனக்குப் பீனிசம், தலையிடி தாங்காது என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று நான் கடைசி நால்வரில் ஒருவனாக வந்தேன். என்னை வெளியே அனுப்பியது வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், ஹட்டன் பக்கத்து ஆள், புதிதாக வரத் தொடங்கியிருக்கிறாள். நான் தள்ளினேன். அவள் ஒரு கணமும் யோசிக்காமல் தாளைத் திருப்பிப் போட்டாள். ராணி மூன்று. சுத்தமான அடி. முடிந்தபிறகு தேநீர் மேசையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்மேல் பாவம் பார்த்திருக்க வேண்டும்.

“அண்ணே, ரொம்ப நாளா வாறீங்கன்னு சொன்னாங்க. எப்பயாச்சும் முதலாவதா வந்திருக்கீங்களா?”

வாய்வரைக்கும் ‘ஓம்’ வந்தது. படம்கூடக் கைத்தொலைபேசியில் இருக்கிறது, காட்டியிருக்கலாம்.

“இல்லைத் தங்கச்சி” என்றேன். “ஒருக்கா ரெண்டாவதா வந்தனான்.”

“அப்படியா! யாருகிட்ட தோத்தீங்க?”

உன் பெயரைச் சொன்னேன்.