அந்தக் கடிகாரம் கெட்டுப்போகவில்லை

என் செல்லக் கோபக்கார அண்ணா,

நீ போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. உன் கைக்கடிகாரம் இப்போது என் கையில். அதைக் கட்டிக்கொண்டு தினமும் விடியற்காலையில் சேத்துப்பட்டு ரோட்டில் ஓடுகிறேன். உனக்குச் சிரிப்பு வரும். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவளாச்சே நான்.

ஓடி ஓடித்தான் நீ செத்தாயாம், ஆரணி முழுக்க இதே பேச்சு. அம்மா உன் ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். "ஒரு புள்ளைய ஓடவுட்டுப் பறிகுடுத்துட்டு நிக்கிறேன். நீயும் ஓடிகினே போய் விழப்போறியா?" என்று கேட்கிறாள். அம்மாவிடம் வாயைத் திறக்க மாட்டேன். ஊரிடம் பேசுவேன், கத்தியே பேசுவேன். ஓட்டம் உன்னைக் கொல்லவில்லை. உன் பிடிவாதம் கொன்றது. கூட நின்று சிரித்த எனக்கும் அதில் பங்கு உண்டு.

இதயத்துடிப்பை எண்ணிக் காட்டும் இந்தக் கடிகாரம் வாங்கிய புதிதில், கயிறு இழுக்கிற கையிலேயே கட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உட்கார்ந்த இடத்தில் நூற்றறுபது என்று காட்டியது. கை வெடுக் வெடுக்கென்று இழுத்த இழுப்பை எல்லாம் அது துடிப்பென்று எண்ணிவிட்டது. "பாத்தியாடி, பட்டு நெய்யறவன் நெஞ்சு குதிர மாதிரி ஓடுது" என்றாய். வேலையை விட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்றிலிருந்து அது என்ன காட்டினாலும் நமக்கு விளையாட்டுதான். நூற்று முப்பதில் நிற்கிற உன் மெதுவோட்டத்துக்கு நூற்றெழுபத்தைந்து காட்டியது. ஒருநாள் இல்லை, மூன்று வாரம். மேடு ஏறினால் நெஞ்சு அழுத்துகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாய். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "தறி குலுக்கின குலுக்குல இது கெட்டுப்போச்சுடி, பேஜார் பண்ணாத" என்றாய். நானும் தலையாட்டினேன். ஏன் அண்ணா ஆட்டினேன்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால்?

நீ போனபிறகு அதை நானே கட்டிக்கொண்டு ஓடினேன். ஓடி நின்றதும் கழுத்தில் விரல் வைத்துத் துடிப்பை எண்ணினேன். கடிகாரமும் அதையேதான் சொன்னது. மறுநாளும் அப்படியே. அது கெடவே இல்லை. ரோட்டோரம் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்புறம் வேலூர் போய் என் நெஞ்சைக் காட்டினேன். ஓடவைத்துப் பார்த்த டாக்டர், "தாராளமா ஓடுங்க. இப்போதைக்கு நூத்தி நாப்பதத் தாண்டாதீங்க" என்றார். தாண்டினால் நடுரோட்டிலேயே நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். "இன்னாம்மா, நடந்துகினே ஓடறியா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். கேட்கட்டும். முதல் மாசம் நூறு அடி ஓடினாலே அந்த எண் வந்துவிடும். இப்போது அதே எண்ணுக்குள் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பத்துக் கிலோமீட்டர் பந்தயம். பேர் கொடுத்துவிட்டேன். நேற்று அம்மாவிடம் சொன்னதும் தட்டு பறக்கும் என்று பார்த்தேன். பறக்கவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள்.

"இப்ப எவ்ளோ காட்டுது?"

"எழுபத்திரெண்டும்மா."

"ஓடி முடிச்சதும் மொதல்ல எனக்குத்தான் காட்டணும்" என்றாள். பிடித்த கையை அவள் சட்டென்று விடவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன், அண்ணா. உன்னை மாதிரி மறைக்க மாட்டேன். எண் ஏறினால் அத்தனை பேர் பார்க்க நடப்பேன். நெஞ்சு அழுத்தினால் பந்தயமாவது ஒன்றாவது, அங்கேயே நின்று ஆளைக் கூப்பிடுவேன். பந்தயத்தில் நான் கடைசியாகத்தான் வருவேன். ஆனால் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அம்மாவுக்கு மிச்சமிருக்கிற பிள்ளை,
உன் தங்கச்சி சாந்தி