கிள்ளாமல் விட்ட ஒரு சுரைக்கொடி

என் அன்பு மச்சான் முருகேசா,

உன் நிலத்துச் சேதியை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால் கடலூர் செம்மண்டலத்து வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு என் தங்கை செல்வி தனியாகப் போட்ட முதல் வெள்ளாமை இது. உனக்குப் பிடித்த சுரைதான்.

"நெலத்தக் குத்தகைக்கு வுட்டுட்டு சென்னைக்கு வந்துடும்மா" என்று உங்கள் பிள்ளை போனில் கெஞ்சினான். "இந்தப் பந்தல் நெறைஞ்சா இங்கியே இருக்கேன். இல்லன்னா வந்துடறேன்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

உனக்குத்தான் கொடியின் நுனியில் யாரும் கை வைக்கக் கூடாதே. "தலையக் கிள்ளிட்டா அது எப்பிடி மச்சான் வளரும்?" என்பாய். காலையில் ஒவ்வொரு நுனியையும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பந்தலில் விடுவாய். ஒரு கொடி கரண்டுக் கம்பம் வரைக்கும் போய், "மாமா, உங்க சொரக்கா ரீடிங் எடுக்க வந்திருக்கு" என்று லைன்மேன் சிரித்தது நினைவிருக்கிறதா? உயரத்துக்குக் குறைவில்லை. காய்?

இந்த முறை கொடிகள் பந்தலைத் தொட்டதும், பள்ளியில் தாவரவியல் நடத்தும் நான் சொல்லி, செல்வி நுனிகளைக் கிள்ளினாள். கோபிக்காமல் கேள். நுனியில் ஆக்சின் என்று ஒரு ஹார்மோன் உண்டாகிறது. அது தண்டு வழியே கீழிறங்கிப் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கும். முதல் பெஞ்சுப் பையன் ஒருவனே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால் மற்றவர்கள் வாய் திறப்பார்களா? அவன் வராத நாளில் பார், கடைசி பெஞ்சிலும் கை உயரும். நுனி போனால் ஆக்சின் குறையும். வேரிலிருந்து ஏறிவரும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் பக்கமொட்டுகளை எழுப்பிவிடும். சுரையில் பெண்பூ அதிகம் பிடிப்பது அந்தப் பக்கக் கிளைகளில்தான்.

ஆனால் கிள்ளிய கொடிகள் அசையாமல் நின்றன. செல்விக்குச் சோறு இறங்கவில்லை. "பாடம் நடத்தி நடத்தி எங்கொடிய மொட்டையடிச்சிட்டீங்கண்ணே. அவுரு மேலேர்ந்து திட்டுறாரு" என்றாள். கரும்பலகையில் நடந்தது வயலிலும் நடக்குமா? எனக்கே பயம்தான்.

பிறகு ஒரு காலையில் போன் வந்தது. "அண்ணே, கணுவுக்குக் கணு துளிரு வெடிச்சிருக்கு!" கடலூரிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடினேன்.

இப்போது பந்தலுக்குக் கீழே வெயில் இறங்குவதில்லை. வெள்ளைப் பூவும் பிஞ்சுமாக இருக்கிறது. முதல் மூட்டை சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. "நான் எங்கடா வர்றது? நீ லீவு போட்டு வா, காய் அறுக்க ஆளு பத்தல" என்று செல்வி போனில் பிள்ளையை அதட்டுகிறாள்.

ஆனால் மச்சான், கிழக்கு மூலையில் ஒரு கொடி மட்டும் நுனியோடு நீண்டுகொண்டே போகிறது. மண்ணுக்குள்ளிருந்து பிள்ளைப்பூச்சி வேரைக் கடித்துவிடாமல் அடியில் சாம்பல் போட்டிருக்கிறாள். "இத ஏம்மா வுட்டுட்ட?" என்று கேட்டேன்.

"அது அவுரு கொடி. அதுல காய் வந்தா வருது, வராட்டிப் போவுது."

இனி சனிக்கிழமைதோறும் வருவேன். உன்னைப் போலவே அந்த நுனியைத் தூக்கிவிடுவேன். அதைக் கிள்ளச் சொல்லமாட்டேன். கரண்டுக் கம்பத்துப் பக்கம் போனால் மட்டும் மெல்லத் திருப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் செல்வியின் அண்ணன்