பின்பலகையில் சித்தி

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் சித்தியும் உயிரோடும் புத்தியோடும் வழக்கமான வாயோடும் இருக்கிறோம், அதனால் பாதியில் போனைத் தூக்காமல் முழுவதும் படி. அங்கே உன் இருமல் நின்றதா?

போன மாதம் தையல் கம்பெனிக்குப் போகிற வேன் லேசாக இடித்துவிட்டது என்று சொன்னோமே, அது லேசு இல்லை கண்ணா. வளைவில் பின்டயர் வெடித்து வேன் கவிழ்ந்துவிட்டது. நான் முன்சீட்டில் பெல்ட் போட்டிருந்தேன், தோள்பட்டையோடு போயிற்று. சித்தி பின்னால், கூட நாலு பேரை அடைப்பதற்காக வண்டி முதலாளி போட்டு வைத்த பலகையில் இருந்தாள். அங்கே பெல்ட்டும் கிடையாது, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் கிடையாது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடல் பார்க்கப் போனது இதே வேனில்தான். அப்போது அது புதுசு, கதவு தொட்டாலே நகரும். மீசை மாமா உன்னை ஹாரன் அடிக்க விடுவார், நீ ஓயாமல் அடித்துவிட்டு சித்தி மடியெல்லாம் வாந்தி எடுப்பாய், அவளோ “வயிறு காலி, இனி ரெண்டு மடங்கு சாப்பிடுவான்” என்று சிரிப்பாள். ஜன்னலோரம் அந்தக் காற்று இன்னும் என் முகத்தில் இருக்கிறது.

வேன் கவிழ்ந்த அன்றும் ஓட்டியது மீசை மாமாதான். வண்டி முதலாளியின் ஆள் ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்து, டிரைவர் தூங்கிட்டாருன்னு கையெழுத்துப் போடுங்க, செலவை நாங்க பாத்துக்கறோம் என்றான். சித்தி வலியில் முனகிக்கொண்டே, “கை வரலப்பா, வாய் நல்லாத்தான் இருக்கு, கோர்ட்டுல பேசிக்கறேன்” என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பயம்தான், ஆனால் டயரை மாற்றச் சொல்லி மீசை மாமா முதலாளியிடம் கெஞ்சியதை என் காதால் கேட்டவளாயிற்றே. நாங்கள் பார்த்த வக்கீலம்மா எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றார். முதலாளியிடமும் இன்சூரன்ஸிலும் நஷ்டஈடு கேட்கலாமாம், வேலைக்குப் போகும் வழி என்பதால் கம்பெனியையும் கேட்க இடமிருக்கிறதாம். முதலாளி வேனைப் பழைய இரும்புக்குத் தள்ளப் பார்த்தபோது ஓடிப்போய்த் தடுத்ததும் வக்கீலம்மாதான். சோதித்துப் பார்த்ததில் டயர் ஏடு ஏடாக உரிந்திருந்தது, ஆளும் அளவுக்கு மேல் ஏற்றியிருந்தது தெரிந்தது. தூங்கிவிட்டார் என்று மீசை மாமா மேல் போலீஸ் போட்ட வழக்கு இனி எடுபடாதாம், எங்கள் வழக்கு இழுக்கும். நான் சாட்சி சொல்லப் போகிறேன். மீசை மாமா நேற்று வந்தார், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். சித்தி, “அண்ணே, அடுத்த தடவை எனக்கு முன்சீட்டு” என்றாள். மனுஷர் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார்.

நீயும் வேலைக்கு வேனில்தான் போகிறாய். பெல்ட் இல்லாத இடத்தில் உட்காராதே, ஆள் நெருக்கினால் இறங்கி அடுத்ததில் போ, தாமதமானால் திட்டத்தானே செய்வார்கள், திட்டட்டும். வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு.

வெள்ளிக்கிழமை சித்தி பிடிமானம் இல்லாமல் நடந்து பார்க்கப் போகிறாள். அன்று மறக்காமல் வீடியோவில் கூப்பிடு. உனக்கு நடை பழக்கியது அவள்தான், நீ முதல் அடி வைத்தபோது நான் கம்பெனியில் இருந்தேன், பார்க்கவில்லை. இதையாவது நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். சிரிப்பு மட்டும் காட்டிவிடாதே, விழுந்துவிடுவாள்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா