திட்டு மனுஷனுக்கு, ஈரல் நாய்க்கு

என் அடுப்பில் இப்போது கோழி ஈரல் வெந்துகொண்டிருக்கிறது. வீடு முழுக்க அந்த நாற்றம். மஞ்சள் இல்லை, உப்பு இல்லை, வெங்காயம் இல்லை. மனிதர்கள் சாப்பிடுவதற்காக இது வேகிறது என்று யாரும் தவறியும் நினைக்க மாட்டார்கள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பும்போது, வளைவு தாண்டியதுமே உன் சமையலறை ஜன்னல் திறந்திருப்பது மூக்குக்குத் தெரிந்துவிடும். “பிணவறையைத் தொறந்தாச்சா?” என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்பேன். “மூக்கை மூடிக்கிட்டு உள்ள வா, காப்பி வெக்கறேன்” என்பாய். இன்று அதே கண்றாவியை என் பாத்திரத்தில், என் கையால் கிளறிக்கொண்டிருக்கிறேன். கிளறக் கிளற உன் மேல் கோபம்தான் வருகிறது. செத்துப்போனவளிடம் கோபத்தை வேறு எப்படிச் சொல்வது, அதனால் எழுதுகிறேன்.

நீ எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ், நான் அதே எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்ட். ஓய்வு பெற்ற பிறகு இந்த மலையிலேயே அரவேணுவில் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டோம். தினமும் சாயந்தரம் உன் நாயோடு நடக்கப் போவோம். நாயை நடத்துவது சாக்கு. ஊரில் நாய் வளர்க்கிறவர்களை ஒருவர் விடாமல் கேவலமாகப் பார்ப்பதுதான் நம் இருவருக்கும் அசல் வேலை. அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை.

ஹஸ்கி வாங்கிவந்த பங்களாக்காரர் நினைவிருக்கிறதா? பனிநாய்க்கு மலைக்குளிர் இருந்தால் போதும் என்று நினைத்தவர். மழை பிடித்ததும் நாயைத் தோட்டக்காரரிடம் தள்ளிவிட்டுச் சமவெளிக்கு இறங்கிவிட்டார். ஒருவர் இருந்தார், தன் நாய் கடிக்கவே கடிக்காது என்று கடிபட்டவரிடமே வாதாடுவார். ரேபிஸ் ஊசி போட்டீர்களா என்று கேட்டால், எங்கள் நாய் நல்ல சாதி என்பார். கருத்தடை செய்தால் பாவம் என்று சொன்ன அம்மாள், குட்டிகளைச் சாக்கில் கட்டி டீக்கடை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் அதே கடையில் பன் வாங்கி அவற்றுக்கே பிய்த்துப் போட்டுப் புண்ணியமும் தேடிக்கொண்டாள். “நாய் வளத்தறாங்களாமா” என்பாய் நீ. “நாய்தான் பாவம், இதுகளை வெச்சு வளத்திக்கிட்டிருக்குது.”

கடைவீதியில் ஒருநாள் ஒருவர் தன் நாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது கடைசியில் வாலை ஒடுக்கிக்கொண்டு வந்ததும் குடைக்காம்பால் இரண்டு வைத்தார். நீ நேரே போய் அவர் முன்னால் நின்றாய். “ஏனுங்க, வராதப்ப அடிச்சிருந்தாலும் ஒரு கணக்கு. வந்ததுக்கு அடிச்சிருக்கீங்க. நாளைக்குக் கூப்பிட்டா அது வருமுங்களா? உங்களை இப்படிக் கூப்பிட்டு அடிச்சா நீங்க வருவீங்களா?” அவர் நாயை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். திரும்பி வரும்போது உன் கொள்கையை எனக்குச் சொன்னாய்: “திட்டு மனுஷனுக்கு, ஈரல் நாய்க்கு. மாத்திக் குடுத்தா ரெண்டும் கெட்டுப் போயிரும்.” நான் சிரித்தேன். அன்று அது எனக்கு ரொம்ப அழகாகப் பட்டது.

உன் நாய் சுக்கு முதலில் வந்த கோலத்தை நானும்தானே பார்த்தேன். பச்சைத் தேயிலை நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த காய்ந்த சுக்கு நிறத்துப் பெட்டை நாய். கழுத்தில் கயிறு அறுத்த புண். யாராவது தலை சொறியக் கையைத் தூக்கினால்கூட நின்ற இடத்தில் மூத்திரம் விட்டுவிடும். நீ அதைக் கொஞ்சவில்லை, கூப்பிடவில்லை, கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. முற்றத்தில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தாய். அவ்வப்போது திரும்பாமலே பட்டாணி அளவு ஈரல் துண்டைப் பின்னால் வீசினாய். துண்டு விழும் இடம் நாளுக்கு நாள் உன் முதுகுக்குக் கிட்டத்தில் வந்தது. ஒருநாள் உன் உள்ளங்கையில் அதன் மூக்கு பட்டது. நீ பேப்பரைத் தாழ்த்தாமல் அழுதாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாய்.

‘வா’ என்ற சொல்லுக்கு நீ வைத்த சட்டத்தைப் போப்பாண்டவர்கூட வைத்திருக்க மாட்டார். குளிப்பாட்டவோ, ஊசி போடவோ, கட்டிப்போடவோ அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதற்கெல்லாம் நாமே நடந்து போய்த் தூக்கி வர வேண்டும். ‘வா’ என்றால் வந்த இடத்தில் நல்லது மட்டுமே நடக்க வேண்டும். நான் ஒருமுறை கையில் ஒன்றும் இல்லாமல் சும்மா “சுக்கு வா” என்று கூப்பிட்டதற்கு அன்று முழுக்க என்னை வாட்டி எடுத்தாய். சுக்குக்கு ஈரல், எனக்குத் திட்டு. கொள்கைப்படிதான்.

அந்தச் சட்டம் உன் உயிரைக் காப்பாற்றியதையும் பார்த்தேன். தேயிலைக்கு நடுவே போகிற பாதையில் கீழ்ச்சரிவில் காட்டெருமை நின்றது. நாம் கவனிப்பதற்குள் சுக்கு குரைத்துக்கொண்டு பாய்ந்துவிட்டாள். விரட்டப்போன நாய் பயந்து எஜமானியிடம் ஓடிவரும், அதன் பின்னாலேயே காட்டெருமையும் வரும். அப்படிச் செத்தவர்களின் கதை இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். நீ கத்தவில்லை. சாதாரணமாக, சோற்றுக்குக் கூப்பிடுவது போல, “சுக்கு, வா” என்றாய். பாதி வழியில் அவள் திரும்பினாள். காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. டப்பாவில் இருந்த ஈரல் மொத்தத்தையும் அவள் வாயில் கொட்டினாய். “நான் கூப்பிட்டா வர்றதுக்கு இந்த ஒரு ஜீவன்தான் இருக்குது” என்றாய். நம் இருவருக்கும் யாரைப் பற்றிய பேச்சு அது என்று தெரியும்.

உன் மகனைப் பற்றித்தான். பிரபு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பெண்டாட்டி பிரிந்துபோன பிறகு அவன் ஊர்ப்பக்கம் வருவதே இல்லை. ஒரு பொங்கலுக்கு வந்தான். நீ கேட்டைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. “இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?” என்று ஆரம்பித்தாய். தலைமுடி, தொந்தி, வேலை, போன பெண்டாட்டி என்று வரிசையாகப் போனது. மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவன் போய்விட்டான். சாயந்தரம் நடக்கும்போது நான் சொன்னேன்: “அவனுக்கும் ஒரு துண்டு ஈரல் போட்டிருக்கலாம்.” நீ நின்று என்னை முறைத்தாய். “அவன் என்ன நாயா? மனுஷன். சொன்னாப் புரிஞ்சுக்கோணும்.”

பிறகு அவன் வந்தது உன்னை எடுக்கத்தான். நெஞ்சு வலி என்று குன்னூருக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரும்போது நீ இல்லை. காரியம் முடிந்து போய்விடுவான் என்று பார்த்தேன். போகவில்லை. திருப்பூரை உதறிவிட்டு உன் வீட்டை ஹோம் ஸ்டே ஆக்கினான். நீ பேப்பர் படித்த முற்றத்தில் யார் யாரோ ஸ்பீக்கர் வைத்து ஆடுகிறார்கள், நெருப்பு மூட்டிக் கோழி சுடுகிறார்கள். சுக்குவின் கழுத்தில் இரும்புச் சங்கிலி ஏறியது. இரவும் பகலும் வெளியில். நமக்குத் தெரியாததா? வேலிக்குக் கீழே தேயிலை, தேயிலைக்குக் கீழே சோலைக்காடு, காட்டுக்குள் சிறுத்தை. நாயைச் சங்கிலியில் போட்டு வெளியில் விடுவது, சிறுத்தைக்கு இலை போட்டுப் பரிமாறுவதுதான்.

நான் வேலிக்குப் போனேன். “சிறுத்தை நடமாடற எடத்துல நாயைக் கட்டிப்போடறியே, அறிவிருக்கா உனக்கு?” என்று தொடங்கி, உன்னிடம் கற்ற அத்தனையும் அவிழ்த்துவிட்டேன். நன்றாகவே செய்தேன், நீ கேட்டிருந்தால் மெச்சியிருப்பாய். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என்ற அம்மா பேசற மாதிரியே பேசறீங்க ஆன்ட்டி” என்று சொல்லி உள்ளே போய்விட்டான். மறுநாள் சங்கிலியை என் வேலிக்குத் தூரமான கீழ்க்கோடிக்கு மாற்றினான். இன்னும் தேயிலைக்குக் கிட்டத்தில்.

சரி, நாயை எனக்காவது கொடு என்றேன். “அது அம்மா நாயிங்க. தர மாட்டேன்.” அப்படியென்றால் வீட்டுக்குள் விடு என்றேன். “ஊட்டுக்குள்ள என்னத்துக்குங்க? கெஸ்ட்டெல்லாம் முடி கொட்டுதுன்னு சொல்றாங்க. நாய்னா வெளியில காவல் காக்கோணும்.” இப்படிப்பட்ட முட்டாளை நீ எப்படிப் பெற்றாய் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அந்த வாரமே டீக்கடைக்காரரின் நாயைச் சிறுத்தை தூக்கிவிட்டது. காலையில் சங்கிலியும் கழுத்துப்பட்டையும் மட்டும் கிடந்தன. நான் பால் வாங்கப் போய் அதைப் பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்பினேன். அடுத்தது சுக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். நம் திட்டால் ஊரில் ஒருவராவது திருந்தியிருக்கிறாரா? குடைக்காம்புக்காரர் அதன் பிறகும் அடித்துக்கொண்டுதான் இருந்தார், நாம் வருவதைக் கண்டால் மட்டும் வேறு சந்தில் நுழைவார். நீ ஆயுளில் திருத்தியதெல்லாம் நாய்களை மட்டும்தான். தப்பைப் பார்க்காதே, காத்திரு, நகக்கண் அளவு சரியானது செய்தாலும் அந்த நொடியே கூலி கொடு என்பாய். சரி என்று நானும் என் முற்றத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். ஒரு மனிதன் இத்தனை நேரம் விழித்திருந்தும் ஒரு நல்ல காரியம்கூடச் செய்யாமல் இருக்க முடியும் என்பதை அப்போதுதான் கண்டேன். பல் தேய்த்தான், போன் பேசினான், ஈரத்துண்டைக் கேட்டின் மேல் போட்டான். கடைசியில் தூறல் விழுந்தபோது ஒரு சாக்கை எடுத்துக் கொண்டுபோய்ச் சுக்குவின் மேல் வீசிவிட்டுத் திரும்பினான்.

“பிரபு” என்று கூப்பிட்டேன். எனக்கு நாக்கே எழவில்லை. “மழை வலுக்கறதுக்கு முன்னாலேயே நாய்க்குச் சாக்குப் போட்டுட்டியே. நல்ல காரியம் பண்ணுன.”

அவன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். வேறு யாரிடமோ சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறான்.

மறுநாள் இரண்டு சாக்கு கிடந்தது. பிறகு தண்ணீர்ச் சட்டி கழுவப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் வேலியோரம் போய் நின்று கூலி கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான். கீழ்க்கோடியிலிருந்த சங்கிலி சமையலறைச் சுவருக்கு ஏறி வந்தது. நான் ஈரல் டப்பாவைக் கொடுத்து, முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். தொந்தியோடு அந்த நாற்பது வயது ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பின்னால் துண்டு வீசினான். சுக்கு அவன் கையில் வாங்கிய அன்று, “ஆன்ட்டி, என் கையில வாங்கிருச்சுங்க” என்று வேலி வரைக்கும் ஓடி வந்தான். அவன் மேல் எனக்கு அன்பு வந்துவிடவில்லை. இருந்தாலும் பார்க்க நன்றாக இருந்தது.

ஆனால் சங்கிலி மட்டும் கழலவில்லை. ஒரு சாயந்தரம் அவனாகவே வேலிக்கு வந்தான். சுக்குவைச் சங்கிலியில் பிடித்திருந்தான். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்: “ஏனுங்க ஆன்ட்டி, அம்மா என்னைப் பத்தி உங்ககிட்ட எப்பவாச்சும் நல்லதா ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?”

நான் தேடினேன். மாதா சாட்சியாகத் தேடினேன். எத்தனை ஆயிரம் சாயந்தரம் நாம் நடந்திருப்போம், அத்தனையிலும் துழாவினேன். உன் தங்கமும் கண்ணும் ராசாத்தியும் அந்த நாய்க்கு மட்டும்தான் இருந்தன. அவனுக்கென்று நீ ஒரு சொல் வைத்துவிட்டுப் போகவில்லை. வாய்ச்சொல்தானே, ஏன் கொடுக்கவில்லை? தெருநாயின் பயம் போகும்வரை முதுகைக் காட்டி உட்கார உனக்குப் பொறுமை இருந்தது. கேட் வரைக்கும் வந்த பிள்ளையைச் சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வரவில்லை. உன்னைப் போல ஒரு கெட்டிக்காரியை நான் கண்டதில்லை, உன்னைப் போல ஒரு மடச்சியையும் கண்டதில்லை.

“சொல்லுவாளே” என்றேன். “‘நாயைத் தொடறதுல பிரபுவுக்கு என் கைதான், அவன் பக்கத்துல இருந்தா சுக்குவுக்கு நான்கூட வேண்டாம்’னு.”

“எப்பங்க சொன்னாங்க?”

“அடிக்கடி சொல்லுவா.”

அவன் குனிந்து சங்கிலியைக் கழற்றினான். அதை அங்கேயே போட்டுவிட்டு, “சுக்கு, வா” என்றபடி வீட்டை நோக்கி நடந்தான். அவள் அவன் பின்னாலேயே உள்ளே போனாள். இந்தப் பொய்யைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லப்போவதில்லை. பாவம் உன்னுடையது.

அதற்கப்புறம் அவள் வெளியில் படுக்கவில்லை. முடி கொட்டுகிறது என்று முகம் சுளித்த ஒரு குடும்பத்திடம், “நாய் இந்த ஊட்டுதுங்க, நீங்க ரெண்டு நாளைக்குத்தான்” என்று அவன் சொன்னதை என் காதால் கேட்டேன். போய்ப் பாராட்டினேன். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை.

உன்னோடு சேர்ந்து ஊரைத் திட்டிய சாயந்தரங்கள் போல எனக்கு இனி வராது. தனியாகத் திட்டினால் சுவையே இல்லை. இப்போது அந்த நேரத்தில் அவன் வந்துவிடுகிறான், “வேற என்னங்க ஆன்ட்டி சொன்னாங்க?” என்று கேட்டுக்கொண்டு. முந்தாநாள் அவன் கையெழுத்தை நீ மெச்சினாய். நேற்று, பள்ளிக்கூட நாளில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் கஞ்சி வைத்ததைச் சொல்லிச் சொல்லி நீ மாய்ந்துபோனதாகச் சொன்னேன். கஞ்சி வைத்தானா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. அவன் மட்டும் வைத்தேன் என்று தலையாட்டினான், கண் கலங்கியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டான். இன்றைக்கு நீ அவனைப் பற்றி என்ன சொல்லியிருந்தாய் என்று நான் சீக்கிரம் யோசிக்க வேண்டும்.