நீ வெச்ச வெள்ளப் புள்ளி

என்ற தங்கமே, சரவணா, கண்ணு,

அங்க சாப்டியா? அத்தைக்கு வேற என்ன கேக்கத் தெரியும்? நேத்து உனக்கு மூணாவது திதி. எல போட்டு ஏழு காயி வெச்சேன். காக்கா வந்து எல்லாத்தையும் கொத்திப்போட்டு, நான் சுட்ட வடைய மட்டும் தொடாமப் போயிருச்சு. "வயிறு நெறஞ்சிருச்சாட்ட இருக்குது அக்கா"ன்னான் என்ற தம்பி, ங்கொப்பன். எனக்குத் தெரியும் கண்ணு, அது வயிறு நெறஞ்சு போன காக்கா இல்ல.

இத மாரியம்மன் நோம்பிக்கு அடிக்கற விழா மலர்ல போடறதுக்குத்தான் எழுதறேன். ஊரே படிக்கட்டும். எட்டாங்கிளாசு படிச்ச கை, எழுத்து கோணலா இருந்தா சிரிக்காத.

உன்ற செவப்புக் காரு களத்துக் கொட்டாயிலயேதான் கெடக்குது. பின்னாடி சீட்டுல கோழி அடைகாக்குது. ங்கொப்பன் அத விக்கவும் உடமாட்டேங்கறான், அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கமாட்டேங்கறான்.

நல்லா ஓடிட்டிருந்த காரு தான அது? "எதுக்குடா இஞ்சினப் பிரிக்கற?"ன்னு கேட்டேன். உருட்டுக்கட்ட மேல அங்கங்க முட்டைய ஒட்டி வெச்சாப்ல ரெண்டு இரும்பத் தூக்கிக் காட்டுன. "இது கேம்ஷாஃப்டுங்கத்தை. பழசு மூச்சு முட்ட முட்ட ஓடுது. இதப் போட்டா வால்வு சித்த நேரம் கூடத் தொறந்திருக்கும், இஞ்சின் நல்லா மூச்சு உடும், பறக்கும் பாருங்க"ன்ன. கோயமுத்தூர் ரேசுல செயிச்சுப் போட்டுத்தான் கல்யாணப் பேச்சுன்ன. நான் முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். செயிக்கறதுக்கில்ல, கல்யாணத்துக்கு.

நீயும் உன்ற கூட்டாளி முருகேசனும் ரெண்டு நாளு அளந்தீங்க. அளந்து, அத மாட்டற பல்லுச் சக்கரத்துல ஒரு பல்லு மேல வெள்ளப் பெயிண்டுல ஒரு புள்ளி வெச்ச. "இதுதான் அடையாளம், ஒரு பல்லு தள்ளிப் பூட்டுனாலும் இஞ்சின் போச்சு"ன்ன. "அத்தை, உங்க பக்தியப் பூசை ரூமோட வெச்சுக்கோங்க, இங்க ஒண்ணையும் தொட்றாதீங்க"ன்ன. சொன்னயில்ல? சொன்ன.

அன்னிக்கு ஆயுத பூசை. நீங்க ரெண்டு பேரும் வாழக்கன்னும் பொரியும் வாங்க முதலமடைக்குப் போயிட்டீங்க. கொட்டாயில பாத்தா ஒரே கிரீசு, அழுக்கு. சாமி கும்புடற சாமான இப்படியா வெப்பாங்க? மம்பட்டி, கொழுவு, திருப்புளி எல்லாத்தையும் தொடச்சேன். அதே கையோட மண்ணெண்ணெய்த் துணியில உன்ற சக்கரத்தையும் தொடச்சேன். தொடச்சுச் சந்தனம் வெச்சேன். பளபளன்னு ஆன பொறகுதான் பாக்கறேன், வெள்ளப் புள்ளியக் காணோம்.

அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாம். நல்ல நாளும் அதுவுமா பையங்கிட்டப் பேச்சு வாங்கோணுமான்னு நெனச்சேன். பெயிண்டு டப்பா பக்கத்துலயே இருந்துச்சு. இந்தப் பல்லுதான், இல்ல அதுக்கடுத்ததா, ஒரு நிமிசம் யோசிச்சேன். முருகான்னு சொல்லி நானே ஒண்ணு வெச்சுப்போட்டேன்.

அடுத்த நாளு முருகேசன் பூட்டறான். நான் காப்பி கொண்டாந்து நிக்கறேன். "மாப்ள, எதுக்கும் இன்னொருக்கா அளந்துரலாமா?"ங்கறான் அவன். நீ சிரிச்ச. "நான் வெச்ச புள்ளிடா. கண்ண மூடிட்டுப் பூட்டு"ன்ன. கையில சுத்திப் பாத்தீங்க, சுத்துச்சு. டம்ளர வாங்கி ஒரு வாய் குடிச்சுட்டு, "ஏனுங்கத்தை, சக்கரையே போடல? உங்களுக்குச் சக்கரை கூடிப்போச்சா?"ன்னு என்னையே கேலி பேசுன.

அந்தக் கேலிக்குப் பதில் சொல்லியிருந்தா நீ இன்னிக்கு இருப்ப.

ரெண்டு நாளு கழிச்சுப் பகல்ல, மாந்தோப்புக்கு நடுவால போற நேர் ரோட்டுல வெசயா ஓட்டிப் பாத்த. வால்வு போயிப் பிஸ்டன்ல இடிச்சு, இஞ்சின் அப்படியே இறுகிப்போச்சாம். சக்கரம் நின்னு காரு உருண்டுச்சாம். எல்லாம் "ஆம்". நான் பாத்தது உன்ற காலு ரெண்டு மட்டுந்தான். மூஞ்சியக் காட்டமாட்டேன்னுட்டாங்க.

பாடை தூக்கறப்போ தோள் குடுக்க முருகேசன் வந்தான். நம்ம வாசல்ல, சொந்தபந்தம், ஒறம்பரை அத்தன பேருக்கும் முன்னால, வெளக்கமாத்த எடுத்து அவன அடிச்சேன் கண்ணு. "பூட்டத் தெரியாமப் பூட்டி என்ற பையனக் கொன்னுட்டயேடா"ன்னு மூணு அடி. அவன் கையத் தூக்கித் தடுக்கக்கூட இல்ல. அடிக்கறப்பவே எனக்குத் தெரியும்.

அதுக்கப்பறம் ஒருத்தரும் அவங்கிட்ட வண்டி உடல. அவனுக்குப் பேசி வெச்சிருந்த பொண்ணு ஊட்டுக்காரங்க நம்ம ஊட்டுக்கே வந்து, "நெசமுங்களா?"ன்னு கேட்டாங்க. நான் அப்பத்தான் வெளக்குப் பத்த வெச்சுட்டு நின்னேன். சாமி படத்துக்கு முன்னாலயே ஆமான்னு தலைய ஆட்டுனேன். அந்தப் பொண்ணு இப்ப வேற எடத்துல ரெண்டு கொழந்தைக்குத் தாயி. அவன் வேலந்தாவளம் சந்தையில மாடு ஏத்தற லாரி ஓட்டறான்.

போன சந்தையன்னிக்குப் போயி அவனப் பாத்தேன். "முருகேசா, அந்தப் புள்ளிய நாந்தான் அழிச்சேன். மறுக்கா வெச்சதும் நாந்தான்"னேன். மாட்டுக் கயித்தக் கட்டிட்டே சொன்னான்: "தெரியுமுங்கத்தை."

"எப்படிடா?"

"காரு உருண்ட பொறகு இஞ்சினப் பிரிச்சப்பவே பாத்தனுங்க. சக்கரத்துல வெள்ளப் பெயிண்டுக்கு அடியில சந்தனம் இருந்துச்சு. சரவணனா சந்தனத்து மேல புள்ளி வெப்பான்?"

"அப்பறம் ஏன்டா மூணு வருசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாமப் பொட்டாட்ட இருந்த?"

"நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தனுங்க." கயித்த ஒரு இழு இழுத்து முடிஞ்சான். "நேரமாயிருச்சுங்கத்தை. எங்கிட்டச் சொல்லி என்னாவுது? எந்த வாசல்ல அடிச்சீங்களோ, அங்க போயிச் சொல்லுங்க."

ஒரு திட்டு இல்ல, ஒரு அழுகை இல்ல. லாரியில ஏறிப் போயிட்டான்.

ங்கொப்பனுக்கு இன்னும் தெரியாது. புருசன் போன பொறகு முப்பது வருசமா அவன் சோத்தத்தான் திங்கறேன். உங்கொம்மா உன்னப் பெத்துப் போட்டுக் கண்ண மூடுனப்ப என்ற மடியிலதான் கெடத்துனான். இதக் கேட்டா என்னைய என்ன பண்ணுவான்? நீ இருந்தா சொல்லுவ. அதனாலதான உன்னக் கேக்கறேன்.

மன்னிச்சயான்னு மட்டும் கேக்கமாட்டேன். கேட்டா நீ, "உடுங்கத்தை"ம்ப. அது எனக்கு வேண்டாம்.

நோம்பிக்கு மாவெளக்குத் தட்டு எடுத்துட்டு மொத ஆளா நிக்கறவ நான். இந்த வருசம் எடுக்கமாட்டேன். ஒறம்பரை எல்லாம் சாப்புட்டுக் கை கழுவறப்போ, மலரு யாரு கைக்கும் போறதுக்கு முன்னால, முருகேசனக் கூட்டியாந்து அதே வாசல்ல நிறுத்தி, ங்கொப்பன் மூஞ்சியப் பாத்துட்டே இந்தக் கடுதாசிய மொத எழுத்துல இருந்து நானே படிப்பேன். அவன் வரமாட்டேன்னா, காலி வாசலப் பாத்தாச்சும் படிப்பேன். சாமி மேல சத்தியம் பண்ணல கண்ணு. சாமி படத்துக்கு முன்னாலதான் ஒருக்காத் தலைய ஆட்டுனேன். உன்ற அந்த ரெண்டு காலு மேல சத்தியம்.

இப்படிக்கு,
உன்ன மடியில போட்டு வளத்து, அதே கையில உன்ற புள்ளிய அழிச்ச
உன்ற அத்தை